சமூக வலைத்தளங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இளையவர்கள் உங்கள் செயலிகளுக்கு வருவது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பேசத்தான். வகுப்பில் பாதியில் நின்ற பேச்சு இரவில் குரூப்பில் தொடர்கிறது. ‘உன் நினைப்பு வந்தது’ என்று நேரில் சொல்லக் கூச்சப்படும் வயதில், அனுப்பிய ஒரு மீம் அதைச் சொல்லிவிடுகிறது. எல்லோரும் பார்க்க ஒரு கணக்கு, நெருங்கிய சிலருக்கு மட்டும் இன்னொன்று என்று வைத்திருப்பவர்களும் உண்டு. முதல் கணக்கில் பொறுக்கி எடுத்த படங்கள். இரண்டாவதில் தலைவாராத முகம், தேர்வு பயம், அழுகை. யாருக்கு எதைக் காட்டலாம் என்ற விவரம் அவர்களுக்கு நன்றாகவே இருக்கிறது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்கும், ஊர் மாறிப்போன பிள்ளைக்கும் இது பெரிய துணை. இதை வெட்டி வேலை என்று பெரியவர்கள் ஒதுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என் கோபம் உங்கள் மேல்தான். நண்பர்களைத் தேடி வந்தவர்களை முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களுக்குள் இழுத்துவிடுகிறீர்கள். இன்ஸ்டாகிராம் 2016-இல் நேர வரிசையை விட்டுவிட்டு, எது முதலில் வர வேண்டும் என்ற முடிவை அல்காரிதமிடம் கொடுத்தது. 2022-இல் நேர வரிசை திரும்பி வந்தது. ஆனால் தேடிப் போய் எடுக்க வேண்டிய வசதியாக மட்டும்.

அப்புறம், ஸ்னாப்சாட்டின் ஸ்ட்ரீக். இரண்டு பேர் தொடர்ந்து எத்தனை நாள் ‘ஸ்னாப்’ (படமோ வீடியோவோ) அனுப்பிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கை அது. இருவரும் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் ஸ்னாப் அனுப்பாவிட்டால் எண்ணிக்கை அறுந்துவிடும். அது அறுந்துவிடக் கூடாதே என்று வெறும் சுவரையும் இருட்டையும் படமெடுத்து அனுப்புகிறார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் அந்தக் கவலை. நட்புக்கு வருகைப் பதிவேடு எதற்கு? இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் நட்புதானே?

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் செயலியைத் திறந்ததும் நண்பர்களின் பதிவுகள் நேர வரிசையில் முதலில் வரட்டும். மற்றவை, வேண்டுமென்றால் அவர்களே தேடிப் போகட்டும். ஸ்ட்ரீக் எண்ணிக்கையை அவர்களுக்கு நிறுத்திவிடுங்கள். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியை 2021-இல் கொடுத்தன. மனம் வைத்தால் உங்களால் மாற்ற முடியும் என்பது அப்போதே தெரிந்தது. அடுத்த அப்டேட்டிலேயே இதைச் செய்யுங்கள்.