கோவலனின் கொள்முதல்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை மட்டும் விட்டபாடில்லை. உன் முழங்கால் வலி தேவலையானதில் சந்தோஷம்.

"கோவலனைப் போய்ப் பெரிய துன்பியல் நாயகன் என்கிறாயே, சொத்தை அழித்த மைனர்தானே அவன்?" என்று கேட்டிருந்தாய். மைனர்தான், மறுக்கவில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தைக் காதல் கதையாக வாசிப்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, வியாபாரக் கதையாக ஒருமுறை வாசித்துப் பார். நம் கண்ணெதிரே அவன் செய்யும் கொடுக்கல் வாங்கல் இரண்டே இரண்டு. ஒன்றில் வாங்குகிறான், மற்றதில் விற்கப் போகிறான். இரண்டுமே தெருவில்.

முதலாவது அரங்கேற்று காதையின் கடைசியில் வருகிறது. 12 வயது மாதவி ஆடி முடித்ததும் சோழன், ஆடலில் தேர்ந்தவருக்கான தலைக்கோல் பட்டமும் பச்சை மாலையும் 1008 கழஞ்சு பொன்னும் கொடுக்கிறான். உடனே அந்த மாலை ஒரு கூனியின் கையில், பணக்கார வாலிபர்கள் உலவும் வீதியில் வந்து நிற்கிறது. விலையும் அதே 1008 கழஞ்சு. அரசன் தந்த பரிசுத்தொகை அப்படியே சந்தை விலையாகிவிட்டது, பார்த்தாயா? கழஞ்சுக்கு 5 கிராம் என்று வைத்தாலே 5 கிலோவுக்கு மேல், இன்றைய கணக்கில் 630 சவரன். கோவலன் பேரம் பேசினானா, ஒரு நிமிஷம் யோசித்தானா? அப்படி ஒரு சொல்கூடக் கிடையாது. 'வாங்கி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார் இளங்கோ. அடுத்த நாலு அடிக்குள் அவன் 'விடுதல் அறியா விருப்பினன்', வீட்டை மறந்தவன்.

இத்தனைக்கும் வணிகன் மகன். ஆனால் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததாக எங்கேயும் வரி இல்லை. அறிமுகமாகும்போதே முதலில் அப்பாவின் சொத்து, 'இருநிதிக் கிழவன் மகன்' (பெருஞ்செல்வத்துக்கு உரியவன் மகன்) என்று; அப்புறம்தான் அவன் வயது, 16. தனிக்குடித்தனம்கூட அம்மா ஏற்பாடு. மாதவி மேல் கொண்ட பித்திலும் இந்த வாங்கிய பொருள் என்ற நினைப்பு உள்ளே கிடக்கிறது. கானல்வரியில் மனம் முறிந்து பிரிந்தபின், தோழி வசந்தமாலை மாதவியின் ஓலையோடு கூல வீதிக்கு வருகிறாள். அவன் வாங்க மறுத்து, மாதவி தன்னோடு பழகிய நாட்களைக் காண்வரி, உள்வரி, புறவரி என்று எட்டு வகை நடிப்பாகப் பிரித்து அடுக்குகிறான். ஆடல் மகளுக்கு இதெல்லாம் பொருத்தம்தான் என்று முடிக்கிறான். அதில் கோபம் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கொடுத்த காசுக்குச் சரக்கு சரியில்லை என்ற முறைப்பாடும் கேட்கிறது.

ஆனால் இரண்டாவது ஓலை இருக்கிறதே! மதுரைக்குப் போகும் வழியில் கௌசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்து தருவது. மண் முத்திரையில் மாதவியின் கூந்தல் பதிந்திருக்கிறது. அதில் பழைய நெய் வாசம். பிரிக்காமல், கையிலிருந்து விடவும் மாட்டாமல் நிற்கிறான். அப்புறம் படித்துவிட்டு, தவறு அவளுடையதல்ல, என்னுடையது என்கிறான். அதோடு விட்டானா? வாசகம் தனக்கும் பொருந்துகிறது என்று அதே ஓலையைத் தன் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான்! தன் மன்னிப்பைக்கூட அவன் சொந்தமாக எழுதவில்லை.

இனி இரண்டாவது வியாபாரம். திட்டம் என்னவோ நல்ல திட்டம். கண்ணகியின் சிலம்பை முதலாகப் போட்டு, போன நகைகளையும் அழிந்த பொருளையும் மதுரையில் ஈட்டுவது. (கண்ணகி முறுவலோடு 'சிலம்புள கொண்ம்', அதாவது சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள் என்றது, மாதவிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து, என்றொரு வாசிப்பு உண்டு. அப்படியென்றால் அந்த முறுவலைத் தாங்கவே முடியாது.) கெட்டது நடைமுறையில். மதுரை வணிகர்கள் இவன் தகப்பன் பேரைக் கேட்டாலே கிடைக்காத பொருள் கிடைத்தமாதிரி எதிர்கொண்டு வீட்டில் வைத்துக்கொள்வார்கள் என்று கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் முதல்நாளே சொல்லியிருக்கிறார். அந்த ஆதரவு கிடைக்கும்வரைதான் இடையர்குல மாதரி வீட்டு அடைக்கலம். இவனோ மறுநாளே ஒற்றைச் சிலம்போடு கிளம்புகிறான். ஜோடியைக் காட்ட வழியில்லை. ஊரில் இவனைத் தெரிந்தவன் இல்லை. நூறு கொல்லர் பின்தொடர எதிரே வந்த பொற்கொல்லனிடம், அரசன் தேவிக்கு ஆகும் சிலம்பு ஒன்றுக்கு விலை போடுவாயா என்று தானே வாயைக் கொடுக்கிறான். ராணியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவனிடம்! 'என் குடிலருகே இரும்' என்றதும் போய் உட்காருகிறான். விலை கேட்காமல் வாங்கிப் பழகியவன், விற்கும்போது மட்டும் எப்படிச் சுதாரிப்பான்?

அரசன் ஏன் விசாரிக்கவில்லை என்பதையும் கவனி. ஆடல்மகளிரின் ஆட்டமும் பாட்டும் அவன் மனசைக் கவர்ந்துவிட்டன என்று ராணிக்கு ஊடல். தலைவலி என்று எழுந்து போகிறாள். சமாதானம் செய்ய அவன் பின்னாலேயே ஓடும் நேரத்தில், சிலம்பைத் திருடியவன் இதோ என்று கொல்லன் வந்து விழுகிறான். புகார் நகரில் கோவலனைக் கவிழ்த்த அதே ஆடலும் பாடலும்தான் மதுரையில் தீர்ப்பையும் அவசரப்படுத்துகின்றன. காவலர்கள்கூட, இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். ஒரு குடிகாரன் வாளை வீசினான்.

வெறும் மைனர் என்று ஏன் ஒதுக்க முடியவில்லை என்றால், மூன்றாவது கொள்முதல் ஒன்று இருக்கிறது. அது மாடலன் என்ற மறையவன் வாயால் வருவது. பாவம் செய்தாள் என்று கணவன் கைவிட்டுப் போன ஒரு பார்ப்பனப் பெண், அவன் எழுதித் தந்த ஏட்டை வணிகர் வீதியில் வீடு வீடாகக் கொண்டுபோய், இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூவுகிறாள். கூப்பிட்டு விசாரித்து வாங்கியவன் கோவலன். அவள் பாவம் தீரத் தானம் செய்து, பிரிந்து போனவனையும் சேர்த்துவைத்து, பொருளும் கொடுக்கிறான். கூனியிடம் மாலை வாங்கிய அதே கைதானே, சண்முகம்? இதைச் சொல்லிவிட்டு மாடலன் அவனை 'செல்லாச் செல்வ' (குறையாத செல்வம் உடையவனே) என்று அழைக்கிறான். அந்த நேரம் அவனிடம் மிஞ்சியிருந்தது மனைவியின் சிலம்புதான்.

அடைக்கலக் காதையில் அந்த இடத்தை எடுத்துப் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராமு