செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: நம் மண்டபமும் தென்னாப்பிரிக்கச் சிறார் நீதிச் சட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அறங்காவலர்களே, மாதர் பிரிவுச் சகோதரிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கை இது. வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடி நல்லபடியாக நடந்தது. புரட்டாசிப் பூசைகளிலும் குறை இல்லை. தமிழ் வகுப்பு தொடர்கிறது. ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள், பிள்ளைகளை அனுப்பும் வீடுகள்தாம் குறைகின்றன. மண்டபக் கூரையின் ஒழுகலை அடைத்துவிட்டோம் என்று கொத்தனார் சொல்கிறார். அடுத்த பெருமழை வந்தால் தெரியும்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழுவின் நேரத்தையும் பொறுமையையும் அதிகம் எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். மாஜிஸ்திரேட் வழக்கை நடத்தாமல் டைவர்ஷன் என்ற மாற்று வழிக்கு அனுப்பும் பிள்ளைகள், தங்களுக்கு விதித்த சேவை நேரத்தை நம் மண்டபத்தில் செய்யலாமா என்று ஒரு தொண்டு அமைப்பு கேட்டது. அங்கீகாரம் பெற்றது அந்த அமைப்பு. நாம் தருவது இடமும் வேலையும் மேற்பார்வையும் மட்டுமே. "கேஸ் உள்ள பிள்ளைகளைக் கோயிலடிக்கு விடுவதா?" என்று குழுவில் ஒருவர் எழுந்து கேட்டார். கேட்டதில் தவறில்லை. டர்பன் பக்கம் நம் சாட்ஸ்வர்த்தில் சுகர்ஸ் என்ற ஹெராயின் கலந்த போதைப்பொருள் எத்தனை வீடுகளின் நகையையும் நிம்மதியையும் தின்றது என்று பார்த்தவர்கள் நாம்.

ஆனால் அந்த விவாதத்தில், சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பலர் கேள்விப்பட்டதை வைத்தே பேசினார்கள். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும், அந்தக் காலத்தில் சிறுவன் திருடினால் நீதிமன்றமே பிரம்படி விதிக்கும், ஏழு அடி வரை. 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதற்கு முன் 1992இல், வெஸ்டர்ன் கேப்பில் ராபர்ட்சன் ஊரில், கடையை உடைத்து மிட்டாயும் குளிர்பானமும் எடுத்தான் என்று பிடிபட்ட 13 வயதுப் பையனை போலீஸ் லாக்கப்பில் உடன் இருந்தவர்களே அடித்துக் கொன்றார்கள். நாடே அதிர்ந்தது. 1996 அரசியல் சாசனத்தின் 28ஆம் பிரிவு, பிள்ளையை அடைத்து வைப்பது வேறு வழியே இல்லாதபோதுதான், அதுவும் மிகக் குறைந்த காலத்துக்குத்தான், பெரியவர்களிடமிருந்து தனியாகத்தான் என்று எழுதி வைத்தது. அதைச் செயலுக்குக் கொண்டுவர மசோதா 2002இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. 2008ஆம் ஆண்டின் 75ஆம் சட்டமான சிறார் நீதிச் சட்டமாகி, நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1இல். மசோதா போனபோது பிறந்த பிள்ளை, அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும்.

இந்தச் சட்டப்படி, பிடிபட்ட பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் நன்னடத்தை அதிகாரிக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அவர் வீட்டையும் பள்ளியையும் விசாரித்து அறிக்கை எழுதுவார். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் முதல்கட்ட விசாரணை. பிள்ளை தானாக, யாருடைய நெருக்குதலும் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால்தான் டைவர்ஷன். ஒப்புக்கொள்ளச் சொல்லி வீட்டில் மிரட்டுகிற அப்பாக்கள் இதைக் கவனிக்கவும். உத்தரவை முடித்தால் அது தண்டனைப் பதிவாக நிற்காது. நாளை செக்யூரிட்டி வேலைக்கோ போலீஸ் வேலைக்கோ மனுப்போடும்போது அதன் அருமை தெரியும்.

வயது பற்றியும் குழப்பம் இருக்கிறது. முன்பு 10 வயது நிரம்பினாலே வழக்குப் போடலாம். திருத்தச் சட்டம் 2022 ஆகஸ்ட் 19 முதல் அதை 12 ஆக்கியது. 12 நிரம்பி 14க்குக் கீழ் என்றால், தான் செய்தது தவறு என்று பிள்ளைக்குப் புரிந்திருந்ததா என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். கஞ்சா விஷயத்தில், பள்ளியில் சிறுநீர்ச் சோதனை செய்து பிள்ளைகளை நீதிமன்றப் பாதையில் தள்ளிய வழக்கொன்றில், 2022 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், சொந்தப் பயன்பாட்டுக்காகப் பிள்ளைகளைக் குற்றவாளிகள் ஆக்கக் கூடாது என்றது. அனுமதித்துவிட்டார்கள் என்று சில பையன்கள் வீட்டில் வாதாடுவதாகக் கேள்வி. அனுமதி இல்லை, கோர்ட்டுக்குப் பதில் சமூக நலப் பணியாளர், அவ்வளவுதான்.

டைவர்ஷனில் போடக்கூடிய உத்தரவுகளின் பட்டியலைப் படித்தபோது எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: வாரத்தில் இத்தனை மணி நேரம் குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். வழக்கே இல்லாத பல வீடுகளுக்கும் இது தேவை, என் வீடு உட்பட.

குழு வாக்கெடுத்து, ஆறு மாதச் சோதனையாகச் சம்மதித்தது. எதிர்த்தவர் தன் மறுப்பைப் பெயரோடு குறிப்பேட்டில் பதியச் சொன்னார்; பதிந்தோம். இன்றும் அவர் கருத்து மாறவில்லை.

வந்த பிள்ளைகள் யார், என்ன வழக்கு என்று இங்கே எழுத மாட்டேன். சட்டமும் தடுக்கிறது, ஊரும் சிறியது. துருவிக் கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விட்டுவிடுங்கள். ஒரு அன்னதானத்துக்குப் பிறகு நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பின்கட்டில் டால் வெந்த பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு ஒரு பையன் தேய்த்துக்கொண்டிருந்தான். மாதர் பிரிவு அக்கா ஒருவர் அண்டாவின் அடியை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் பிசுக்கு இருக்கு தம்பி, மறுபடி தேய்" என்றார். மூன்றாவது தடவை அவனே விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவன் தட்டில் இன்னும் இரண்டு அப்பளம் வைத்தார்.

எல்லாம் இப்படியே நடக்கவில்லை. ஒரு பையன் சில வாரங்களில் நின்றுவிட்டான். வருகைத் தாளில் வந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள் என்று அவன் பாட்டியே வந்து கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து மறுப்பது எளிதாக இல்லை, ஆனாலும் மறுத்தோம். வராததை வராதது என்றே அனுப்பினோம். மாஜிஸ்திரேட் மறுபடி கூப்பிட்டு விசாரித்து உத்தரவை மாற்றினார். அவன் இப்போது வேறிடத்தில் தொடர்கிறான்.

இனிப் பணம். சட்டத்தை இயற்றுவது கேப் டவுனில். பிள்ளைகளுக்கான திட்டங்களுக்கு மாகாண சமூக மேம்பாட்டுப் பணத்தை ஒதுக்குவது நம் மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை தொண்டு அமைப்புகள். அந்த அமைப்புக்கு வர வேண்டிய தவணை இந்த ஆண்டு தாமதமானது. அவர்களுடைய பணியாளர் சம்பளமில்லாமல் டாக்ஸி பிடித்து வந்து கையெழுத்து வாங்கிப் போனார். பிள்ளைகளின் டாக்ஸிக் காசும் மதிய உணவும் கையுறையும் நம் மண்டப வாடகையிலிருந்து போயின. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அரசு செய்யச் சொன்ன வேலைக்குக் கல்யாண வாடகையிலிருந்து செலவழிப்பது சரிதானா என்று பொருளாளர் கேட்டார். எனக்கும் சரியாகப் படவில்லை. நிறுத்துவது அதைவிடச் சரியில்லை என்று தோன்றியதால் கொடுத்தோம். கெபெர்ஹாவின் (பழைய போர்ட் எலிசபெத்தின்) நெரினா மையத்தைப் போல, போலீஸ், நன்னடத்தை அதிகாரி, மாஜிஸ்திரேட் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஏற்பாட்டையும் இந்தச் சட்டமே அனுமதிக்கிறது. நம் பக்கத்துத் தாய்மார் ஆபீஸ் ஆபீஸாக அலைவதைப் பார்க்கும்போது, நம் மாகாண உறுப்பினரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான் என்று படுகிறது.

உறுப்பினர்கள் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். இந்த ஏற்பாட்டை இன்னும் ஓராண்டு தொடர்வது. அதற்கென மண்டப வாடகையில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் வைத்து, தவணை வந்ததும் திரும்பக் கேட்பது. மேற்பார்வைக்கு எப்போதும் இரண்டு பேர், ஒருவர் பெண். அவர்கள் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர் பட்டியலில், இல்லை என்ற சான்று தர வேண்டும். "என்னையே சந்தேகப்படுகிறீர்களா?" என்று கோபித்துக்கொண்ட அங்கிள்மாருக்கு: முதல் படிவத்தை நிரப்பியவன் நான்தான்.

தொண்டு நிறுவனச் சட்டப்படி நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இந்த அறிக்கையும் கணக்கும் பிரிட்டோரியாவில் உள்ள தொண்டு நிறுவனப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சென்ற முறைபோலக் கடைசி வாரம் வரை இழுக்காமல் இன்றே ஒப்புதல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து பொருளாளர் கணக்கை வாசிப்பார், பிறகு வாக்கெடுப்பு. தேநீர் அதற்குப் பிறகுதான்.