நெகட்டிவ்களுக்கு நூலகத்தில் ஓர் அறை வேண்டும்

யாழ்ப்பாண மாநகர சபை முதல்வர் அவர்களுக்கும், கட்சி வேறுபாடின்றிச் சபை உறுப்பினர்கள் எல்லோருக்கும், வணக்கம்.

நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்த பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. முதலாளி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்கிறார்கள், கடை வேறு வியாபாரத்துக்குக் கைமாறுகிறது. அறையைக் காலி செய்யும்போது மேசை, கதிரை, கண்ணாடி அலமாரி எல்லாம் விலைபோய்விடும். படத்தின் மூலப் பிலிமான நெகட்டிவ் இருக்கும் பெட்டிகளை வாங்குவதற்கு மட்டும் ஆளில்லை. அவை பின்பக்கத்துச் சாய்ப்புக்குப் போகும், இரண்டு மாரி நனையும், அப்புறம் எரித்துவிடுவார்கள். இதைத் தடுக்க உங்களால் முடியும். பொது நூலகம் உங்கள் சபையின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே நெகட்டிவ்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் இந்த நகரில் படமெடுத்துப் பிழைப்பவன். கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, பாஸ்போட் படம் என்று எல்லாம் எடுப்பேன். பிலிம் காலத்தில் இருட்டறையில் நின்று தொழில் பழகியவன். ஒரு பழைய ஸ்டூடியோப் பெட்டியைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது வினாகிரி மணம். அந்தக் காலத்துப் பிலிம் அசற்றேற் என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக்கில் செய்தது. வெக்கையும் ஈரமும் பட்டால் அது மெல்ல மெல்ல அமிலத்தை விடத் தொடங்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். பிறகு பிலிம் சுருங்கும். மேலே இருக்கும் ஜெலற்றின் படை மடிப்பு மடிப்பாக எழும்பும். முகம் பதிந்திருப்பது அந்தப் படையில்தான். எங்களுடைய காலநிலையில் இதோடு பூஞ்சணமும் சேர்ந்துகொள்ளும்.

கெடாமல் தப்பிய ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்து, கொஞ்சம் சரித்துப் பாருங்கள். கன்னத்திலும் கண்ணடியிலும் நுண்ணிய பென்சில் கீறல்கள் தெரியும். பருவும் கருவளையமும் படத்தில் விழாதிருக்க, ஸ்டூடியோக்காரர் கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவிலேயே தீட்டிய வேலை அது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கவனத்தோடுதான் தீட்டியிருக்கிறார்கள். நெகட்டிவைப் போட்டு வைத்த மண்ணிறக் கடதாசி உறையில் ஓர் இலக்கம் இருக்கும். அதே இலக்கம் பதிவுப் புத்தகத்தில் பெயர், ஊர், திகதி, அளவு, எத்தனை பிரதி என்பவற்றோடு இருக்கும். படத்தைக் காப்பாற்றிப் புத்தகத்தைத் தவறவிட்டால், பெயரில்லாத முகங்கள்தான் மிஞ்சும். ஆகவே பெட்டியைக் கேட்கும்போது புத்தகத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பழைய படங்கள் மேல் உள்ள ஆசையில் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆசை இருப்பது உண்மை. ஆனால் காரணம் வேறு.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் கையில் எதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வலிந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம். அவற்றில் பலதைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது என்று என் போன்றவர்களுக்கு விளங்கும். பின்னால் வெறும் திரை, நேர்ப் பார்வை, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டை. பதினாறு வயதில் ஏதோ ஒரு ஸ்டூடியோ வாங்கிலில் ஐந்து நிமிடம் இருந்து எடுத்த படம், முப்பது வருடமாக ஒரு தாய்க்கு அதுதான் மகன். பிரதியைப் பிரதியெடுத்து, அதையும் திரும்பப் பிரதியெடுத்து, கண்ணும் மூக்கும் கரைந்துபோன நிலையில் எத்தனையோ படங்களை என்னிடமே திருத்தக் கொண்டு வந்திருக்கிறார்கள். மூல நெகட்டிவ் எங்காவது ஒரு சாய்ப்பில் இன்னும் இருக்கக்கூடும். யாரும் தேடிப் பார்க்கவில்லை.

செம்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினன், அங்கே உடலங்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று 1998 இல் நீதிமன்றத்தில் சொன்ன பிறகுதான் அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. 1999 இல் தோண்டி 15 உடலங்கள் எடுத்தார்கள். அதன் பின்னர் கால் நூற்றாண்டு அமைதி. 2025 இல் செம்மணிப் பக்கத்து அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக்குக் கிடங்கு வெட்டும்போது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கட்டளையின்படி அகழ்ந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. நீல நிறப் புத்தகப்பை வந்தது, குழந்தையின் பால்போத்தல் வந்தது, உடுப்புகள் வந்தன. ஓகஸ்ட் 5 ஆம் திகதி அந்தப் பொருட்களை மக்கள் வந்து பார்த்து அடையாளம் காட்டலாம் என்று வைத்தார்கள். சனம் போனது. கால் நூற்றாண்டு மண்ணில் கிடந்த துணியை ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இன்னாருடையது என்று சொல் என்றால் ஒரு தாய் என்ன செய்வாள்? 1995, 1996 இல் நகரில் எடுத்த குடும்பப் படங்களை ஓரிடத்தில் வைத்து, பெயரும் திகதியுமாகத் தேடக்கூடிய நிலை இருந்திருந்தால், அந்தச் சட்டையின் கோடும் அந்தப் பாவாடையின் கரையும் யாராவது ஒரு பிள்ளையின் படத்தில் இருந்திருக்கலாம். மரபணுச் சோதனைக்கு இது ஈடு இல்லைத்தான். ஆனாலும் எந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்பது என்றாவது தெரியும்.

காணிக்கும் இப்படித்தான். வலிகாமம் வடக்கில் 1990 இல் எழும்பிப் போனவர்கள், இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுத் திரும்பிப் போனால் வீடும் இல்லை வேலியும் இல்லை. ஓர் ஐயா தன்னுடைய தமக்கையின் கல்யாணப் படத்தைக் கொண்டு வந்து பெரிதாக்கித் தரச் சொன்னார். மாப்பிள்ளை பொம்பிளையை அவர் பார்க்கவே இல்லை. இடப்பக்க மூலையில், நின்ற சனத்தின் தலைகளுக்கு மேலால், துலா ஒன்று தெரிந்தது. அதில் விரலை வைத்து, "கிணறு இங்கே என்றால் வடக்கு எல்லை இதுக்கு அங்கால பத்து முழம் தம்பி" என்றார். உறுதி எரிந்துபோன ஒருவருக்கு அந்தத் துலா எவ்வளவு பெரிய பிடி! 2025 மார்ச் 28 ஆம் திகதி வந்த வர்த்தமானி உங்களுக்கு மறந்திருக்காது. வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் வரவேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசாங்கமும் அதை மீளப்பெற்றது. நல்லது. ஆனால் அதே மாதிரி ஒரு அறிவித்தல் நாளைக்கும் வரலாம். அன்றைக்கு எங்கள் சனம் எதைக் காட்டப் போகிறது என்று இன்றைக்கே யோசிக்க வேண்டிய இடம் மாநகர சபை.

இழந்தவற்றின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். 1981 மே 31 இரவும் மறுநாளும், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், நூலகத்தோடு 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் கொளுத்தினார்கள். பத்திரிகை அலுவலகம் எரிந்தால் அதன் படங்களும் எரியும். அதைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு. 1990 ஒக்ரோபர் கடைசியில் முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகதெரு வீடுகளில் சுவரில் தொங்கிய படங்கள் அப்படியே சுவரில் நின்றன. 1995 ஒக்ரோபர் 30 இல், இராணுவம் நெருங்கி வந்தபோது, நாங்கள் முழு நகரமாக மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டினோம். அரிசியும் பிள்ளையும் சுமந்த கையில் நெகட்டிவ் பெட்டிக்கு இடமில்லை. அதுக்குப் பிறகு பயம். இயக்கச் சீருடையோடு மகன் நின்ற படத்தை அடுப்பில் போட்டவர்கள், ஷொப்பிங் பையில் சுற்றிப் பின் வளவில் தாட்டவர்கள், ஒரு படத்தைப் பாதியாக வெட்டி மகளை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் இல்லை. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியிருப்பவை ஸ்டூடியோப் பெட்டிகள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். அதைத் தவிர்த்து இதைப் பேச முடியாது.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஐத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. ஆறு மாதத்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தமிழ்க் கட்சிகள் பக்கம் சனம் திரும்பவும் சாய்ந்தது. உங்கள் சபையில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். இந்த விடயத்துக்கு அது நன்மை என்று நான் நினைக்கிறேன். ஒரு கட்சி தனியே கட்டும் படச்சாலையில் அந்தக் கட்சியின் வீரர்கள்தான் சட்டம் போட்டு மாட்டப்படுவார்கள். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் கூடி அமைத்தால்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். தேர்தல் காலத்தில் இறந்தவர்களின் படங்களைப் போஸ்டரில் அச்சடிக்கும் கட்சிகள் எல்லாவற்றிடமும் இந்தக் கடன் இருக்கிறது. அந்தப் படம் யார் எடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டால் அவர்களில் யாருக்கும் பதில் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். செப்டெம்பர் 1 ஆம் திகதி ஜனாதிபதி வந்து மின் நூலகத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார், அதே நாளில் மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகமும் திறந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் கவனியுங்கள். இன்றைக்குக் கடவுச்சீட்டுப் படம் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் எடுத்துக் கணினி வழியாக நேரே திணைக்களத்துக்குப் போகிறது. அரசாங்கத்திடம் எங்கள் எல்லோருடைய முகமும் இருக்கும். எங்கள் கையில், எங்கள் நகரத்தின் பொறுப்பில், என்ன இருக்கும்?

அறை பெரிதாக வேண்டாம். இரவு பகல் குளிரூட்டியும் ஈரமுறிஞ்சியும் ஓட வேண்டும், மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு வேண்டும். நல்ல கமரா ஒன்று, மக்ரோ லென்ஸ், வெளிச்சப் பலகை இருந்தால் பிரதியெடுப்பைத் தொடங்கலாம். பல்கலைக்கழகத்தின் நுண்கலை, வரலாற்று மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி. 2005 முதல் எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திவரும் தன்னார்வ அமைப்பான நூலக நிறுவனத்தாரிடம் அனுபவம் கிடக்கிறது, கேளுங்கள். நெகட்டிவின் உரிமை ஸ்டூடியோக் குடும்பத்திடமே இருக்கட்டும். விற்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள், அப்போதுதான் பெட்டியைத் தருவார்கள்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடக் கூடாது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்து இன்று ஒதுங்கி வாழும் பெண்ணின் படம் அதில் இருக்கும். பேசி முறிந்த கல்யாணத்துக்கு எடுத்த படம் இருக்கும். அந்தக் குடும்பம் வந்து கேட்டால் முதலில் அவர்கள் பார்க்கட்டும், அவர்கள் சம்மதித்தால் மற்றவர்கள் பார்க்கட்டும். படைகளோ புலனாய்வுக்காரரோ வந்து பட்டியல் கேட்டால் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் கொடுப்பதில்லை என்று சபை தீர்மானமே எடுக்க வேண்டும். படையினர் வீட்டுக்கு வீடு குடும்பமாக நிறுத்திப் படமெடுத்துப் பதிந்த காலம் எங்கள் சனத்துக்கு மறக்கவில்லை. அந்தப் பயம் தீராமல் ஒருவரும் அல்பத்தை வெளியே எடுக்க மாட்டார்கள்.

அதோடு, யாருடைய படத்தையும் வெளியே தள்ளாதீர்கள். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலையில் இந்திய இராணுவத்தால் கொல்லப்பட்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் அங்கே இடம் வேண்டும். 1989 செப்டெம்பர் 21 இல் சுடப்பட்ட வைத்தியரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திராணகமவுக்கும் வேண்டும். புத்தளத்துக்குப் போன சோனகதெருக் குடும்பங்களைக் கூப்பிட்டு, உங்களிடம் மிஞ்சிய படங்களைக் கொண்டு வாருங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் வருவார்களோ தெரியாது. கேட்பது எங்கள் கடமை.

பதிவுப் புத்தகங்களின் பழைய கையெழுத்தையும் ஸ்டூடியோக் குறியீடுகளையும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறோம். எல்லோருக்கும் வயது போகிறது. சம்பளம் வேண்டாம், சனிக்கிழமைகளில் வந்து இருந்து வாசித்துத் தருகிறோம். நான் வேலை பழகிய கடையின் பெட்டிகளும் புத்தகங்களும் என் வீட்டில் இருக்கின்றன, முதலில் அவற்றையே தருகிறேன். அடுத்த சபை அமர்வின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேருங்கள். சேர்த்த திகதியை அறிவித்தால், மற்றக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு பார்வையாளர் பக்கத்தில் வந்து இருப்பேன்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் படமெடுக்கும் ஒருவன்