ஜோர்ஜ் இன்னுக்குப் போய் வந்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நல்ல சுகம். உன் இருமல் விட்டதா?

போன சனிக்கிழமை ஒருமாதிரி ஜோர்ஜ் இன் என்கிற அந்தப் பழைய பப்புக்குள் போய்விட்டேன். பதினெட்டு வருஷம் லண்டன் பிரிட்ஜில் வேலை. போரோ ஹை ஸ்ட்ரீட்டில் அந்த ஒடுங்கின வாசலை எத்தனை தரம் கடந்திருப்பேன்! கட்டடக்கலை படிக்கிற உன்னைப் பெற்றும் எட்டிப் பார்க்கவில்லையே என்று நீ பேசுவாய். குடிக்கிற இடத்தில் எனக்கென்ன அலுவல் என்று இருந்துவிட்டேன். இப்போது ஒறேஞ் ஜூஸ் வாங்கிக் குடித்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் விளங்கினது. மேலே ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு மர விறாந்தை. அவை வடிவுக்கு வைத்தவை இல்லை; படுக்கிற அறைகளுக்குப் போகிற வழியே அதுதான். இது சாராயக்கடையாய்ப் பிறந்ததில்லை தம்பி, வழிப்போக்கர் தங்கின சத்திரம். 1676இல் சதர்க்கில் பிடித்த தீயில் பழையது எரிந்துபோக, அடுத்த வருஷம் திரும்பக் கட்டினார்கள். அம்மம்மாவின் நாற்சார் வீட்டை நினைத்துப் பார். அங்கே முற்றத்தில் மழை விழும், இங்கே குதிரை வண்டி வந்து நிற்கும்.

முன்பு முற்றத்தின் மூன்று பக்கமும் கட்டடம் இருந்தது. இப்போது தெற்குச் சார் மட்டும்தான். ரயில் வந்து குதிரை வண்டிகளின் பிழைப்பைக் கெடுத்தது. அது போதாதென்று, 1889இல் கிரேட் நோர்தேர்ன் ரயில்வே மற்ற இரண்டு பக்கத்தையும் இடித்துப்போட்டது. எனக்கு அந்த வெறும் பக்கத்தைப் பார்க்கத்தான் மனம் கேட்கவில்லை. லண்டனில் விறாந்தை வைத்த வண்டிச் சத்திரம் இது ஒன்றுதான் மிச்சம். முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. 1937இலிருந்து, பழைய கட்டடங்களைப் பராமரிக்கிற நாஷனல் ட்ரஸ்டின் பொறுப்பு.

உள்ளே நீளமான ஒரே மண்டபம் இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாய்ச் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் பெரிய சுவர் மணிக்கூடு, பார்லிமெண்ட் மணிக்கூடு என்கிறார்கள். 1797இல் மணிக்கூட்டுக்குப் பார்லிமெண்ட் வரி போட்டதும், சனம் சத்திரத்தில் வந்து நேரம் பார்த்ததாம். வரியை மறுவருஷமே எடுத்துவிட்டார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

விறாந்தைத் தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளி என்று பாரில் நின்ற பிள்ளையைக் கேட்டேன். சிரித்தாள். நீ வரும்போது அளவு நாடா கொண்டுவா.

அப்பாவுக்கு மார்க்கெட்டுக்குப் போனதாகச் சொல்லியிருக்கிறேன். போனில் உளறிவிடாதே.

அன்புடன்,
அம்மா