மூச்சுக்கு முந்தைய பாடம்

ஆசிரியருக்கு,

ஜூன் 21 யோகா தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட படங்களில் தலைகீழாக நின்றவர்களே அதிகம். யோகத்துக்கு நூல் தந்த பதஞ்சலியின் சூத்திரங்கள் சுமார் 195. அவற்றில் ஆசனத்தை நேரடியாக விளக்குபவை மூன்றுதான். அசையாமல், சுகமாக உட்கார் என்கிறார், அவ்வளவே.

திருமந்திரம் பாடிய நம் திருமூலரை எடுத்துக்கொள்ளுங்கள். பூரகம் (மூச்சை உள்ளிழுத்தல்) 16, கும்பகம் (உள்ளே நிறுத்துதல்) 64, இரேசகம் (வெளிவிடுதல்) 32 என்று மூச்சுக்கு மாத்திரைக் கணக்குச் சொன்னவர்தான். ஆனால் அதற்கு முன்பே இயமம் என்ற ஒழுக்க நெறியை வைத்துவிடுகிறார். கொல்லான், பொய் கூறான், களவிலான் என்று போகிற வரிசையில் பகுத்து உண்பவனும் வருகிறான். சோற்றைப் பகிராதவனுக்கு மூச்சுப்பயிற்சி எதற்கு என்று கேட்பதாகவே எனக்குப் படுகிறது.

1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின், பௌத்த தியானத்தை முக்கிய அடிப்படையாக வைத்து, மனஅழுத்தம் குறைக்கும் பயிற்சியைத் தொடங்கினார். நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. தியானத்தை இப்படிப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் வலியோடு நானும் தினமும் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காருகிறவள்தான். பேரன் போனில் ஏற்றிக் கொடுத்த தியானச் செயலி ஒருநாள், ‘உங்கள் 41 நாள் தொடர்ச்சி அறுந்தது’ என்றது. அன்று முழுக்க எரிச்சல். சித்தத்தின் அலைகளை அடக்க உட்கார்ந்தவளுக்கு இது தேவையா?

அடுத்த ஆண்டு இயமம், நியமம் என்ற ஒழுக்கப் பாடங்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படம் கிடைக்காது, சரி, எழுத்தே போதும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்