ஒரே சுவரின் பதினோரு படங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பேசும்போது, "உன் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பக் கூடாதா? சுவரும் விளக்குக் கம்பமுமாகவே அனுப்புகிறாயே, அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டீர்கள். அம்மாவோ, வேலை போய்விட்டதை மறைத்துக்கொண்டு நான் தெருத்தெருவாக அலைகிறேன் என்றே முடிவு கட்டிவிட்டாள். வேலை இருக்கிறது, முதலில் அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்றதைப் போனில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு படத்தில் ஒன்றும் இல்லைதான். நீங்கள் சொன்னது சரி. ஆனால் அதே இடத்தில் நின்று அடுத்த மாதம் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வந்த புதிதில் எனக்கு இந்தத் தெருவில் எல்லாமே புதிது. அதனால் எது பழையது, எது நேற்று வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருநாள் மாலை வேலை முடிந்து திரும்பியபோது தெருமுனையில் ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். என்ன குறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த எரிச்சலில்தான் இது தொடங்கியது. ஜனவரியிலிருந்து, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு சுற்று. ஒரு செங்கல் சுவர், ஒரு விளக்குக் கம்பம், ஒரு மூலைத் திருப்பம், பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் கதவு, இப்படிச் சில இடங்கள். அவ்வளவுதான் என் ராஜ்யம்.

எப்படி எடுக்கிறேன் என்பதை மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். உங்களுக்கு எளிது. சர்வேயராக இருந்த காலத்தில், சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகளை நட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்கம்பு பின்கம்பை மறைக்கும்வரை ஆளை இப்படியும் அப்படியும் நகர்த்துவீர்கள். நான் செய்வதும் அதுதான், நகர்கிற ஆள் நானே என்பதுதான் வித்தியாசம். இடது கால் சாக்கடை மூடியின் விளிம்பில் இருக்க வேண்டும். விளக்குக் கம்பத்தின் வலது ஓரம், பின்னால் இருக்கும் ஜன்னல் சட்டத்தின் இடது ஓரத்தைத் தொட்டு நிற்க வேண்டும். அரை அடி தள்ளி நின்றாலும் கம்பம் ஜன்னலை விட்டு விலகிவிடும். அருகில் இருப்பது அதிகமாகவும் தூரத்தில் இருப்பது குறைவாகவும் நகரும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்ததை இத்தனை வருடம் கழித்து இங்கே பயன்படுத்துகிறேன். ஜூமைத் தொடுவதே இல்லை. போன மாதப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒத்துவரும்வரை தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இடம் சரியாக இருந்தால் போதாது, நேரமும் சரியாக இருக்க வேண்டும் என்பதை ஏப்ரலில் கற்றுக்கொண்டேன். அந்த மாதப் படத்தில் கம்பத்தின் நிழல் எங்கோ போய் விழுந்திருந்தது. கம்பம்தான் சாய்ந்துவிட்டது என்று நினைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: இங்கே வசந்தம் வந்தால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுகிறார்கள். என் ஒன்பது மணி, சூரியனுக்கு எட்டு மணி. ஒரு மணி நேரத்தில் பூமி 15 டிகிரி திரும்பிவிடும், நிழல் சும்மா இருக்குமா? அதிலிருந்து கோடை முழுவதும் பத்து மணிக்குப் போனேன். அப்படியும் நிழல் மாதத்துக்கு மாதம் மாறத்தான் செய்யும். ஜனவரியில் உச்சிவேளையிலேயே என் நிழல் என் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீண்டு எதிர்ச்சுவரில் ஏறி நின்றது. வருடத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலைக் காலடிக்குள் சுருட்டிவிடுகிற இடத்தில் வளர்ந்தவளுக்கு இது இன்னும் பழகவில்லை.

என்னவெல்லாம் மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. மே மாதம் தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது. அதற்காக இரவில் தனியாக எடுத்த படங்களில் அது சரியாகத் தெரியவில்லை. செல்பேசி தன் இஷ்டத்துக்கு மஞ்சளை வெள்ளையாகத் திருத்தி வைத்திருந்தது, நிறச் சமநிலையைத் தானியங்கியில் விட்ட என் தவறு. பூட்டிய வீட்டுக் கதவில் மூன்று அடுக்குப் பெயின்ட் உரிந்து, அடியில் ஒரு பச்சை எட்டிப் பார்க்கிறது. சுவரில் ஒட்டியிருக்கும் கற்பாசி வட்டங்கள் மட்டும் பதினோரு மாதமாக அசையவில்லை. அவற்றில் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லையாம். அதற்காக நான் விட்டுவிடப் போவதில்லை.

இதைச் செய்கிற முதல் பைத்தியம் நான் இல்லை, அப்பா. பாரிஸில் அட்ஜே என்று ஒருவர் இருந்தார். சுமார் முப்பது வருடம், கனமான பெட்டிக் கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு, பழைய நகரத்தின் கதவுகளையும் மாடிப்படிகளையும் கடை முகப்புகளையும் எடுத்துத் தள்ளினார். கலை என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை, ஆவணம் என்றுதான் சொன்னார். ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். 1920இல் மட்டும் 2,600க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை அரசாங்கம் வாங்கியது. 1927இல் அவர் இறந்த பிறகு, வீட்டில் மிச்சம் கிடந்தவற்றை பெரனிஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண் வாங்கிக் காப்பாற்றினார். அந்தப் பெண் நியூயார்க் போய் அங்கேயும் இதே வேலையைச் செய்தார். படம் எடுத்தபோது அந்தக் கதவுகள் வெறும் கதவுகள்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

ஆவணம் என்றதும் ஒரு வழக்கு ஞாபகத்துக்கு வருகிறது. உங்களுக்குப் பிடிக்கும்.

ஜூலையில் நடைபாதையில் திடீரென்று நீலத்திலும் மஞ்சளிலும் அம்புக்குறிகள் முளைத்தன. அடியில் குழாய் எந்த வழியாகப் போகிறது என்பதற்கான அடையாளம். மூன்று வாரத்தில் தோண்டினார்கள், மூடினார்கள், கறுப்பாக ஒரு தார் ஒட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். செப்டம்பரில் நான் சுவருக்கு எதிரே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து வந்து, எதற்காகத் தன் வாசலைப் படம் எடுக்கிறேன் என்று கேட்டார். குரலில் போலீஸைக் கூப்பிடும் தொனி. உங்கள் வாசல் இல்லை அம்மா, சுவர் என்றேன். நம்பவில்லை. செல்பேசியில் ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். ஐந்தாவது படத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவர் சுவரைப் பார்க்கவில்லை. படத்தின் இடது கோடியில், நான் ஒருநாளும் கவனிக்காத அவருடைய வாசல்படி இருந்தது. தோண்டிய பிறகு அந்தப் படியில் குறுக்காக ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. அது முன்பே இருந்தது என்று சொல்லி, சரிசெய்ய மறுத்துவிட்டார்களாம். "முன்பு எடுத்தது உன்னிடம் இருக்கிறதா?" என்றார். ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு படங்கள் இருந்தன, விரிசல் இல்லை. ஆகஸ்டில் இருக்கிறது. தேதி போட்டு, பெரிதாக்கி, அச்சிட்டுக் கொடுத்தேன். எல்லைத் தகராறுகளில் பழைய புலப்படத்தை விரித்து வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பீர்களே, அந்த முகத்தை நானும் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் வந்து புதிதாக சிமென்ட் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காய்வதற்குள் ஒரு புறா அதன் மேல் நடந்துவிட்டது. ஆறு கால்தடங்கள், ஆறாவதோடு பறந்திருக்கிறது. மூதாட்டிக்கு அதில் ஏகக் கோபம். எனக்கு ஒரு புது இடம் கிடைத்துவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, நம் வாசல் திண்ணையின் வலது முனையில் நின்று தெருவை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்தக் கம்பம் எதை மறைக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூம் வேண்டாம். யாராவது குறுக்கே போனால் போகட்டும், காத்திருக்க வேண்டாம்.

அம்மாவுக்காக என் முகம் தெரியும் படம் ஒன்று இத்துடன் இருக்கிறது. பின்னால் தெரிவது அந்தச் சுவர்தான்.

அன்புடன்,
உங்கள் மகள்