சனிக்கிழமை இரவு லடாமா கேட்கலாம்

வணக்கம் நண்பர்களே. இந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நாம் சேர்ந்து கேட்கப்போவது 'லடாமா' பெண்கள் இசைக்குழுவின் மேடைக் கச்சேரி. சுட்டியை மாலையில் போடுகிறேன்.

பிரேசிலின் லாரா கிளாவ்ஸ், கொலம்பியாவின் டேனியலா செர்னா, வெனிசுவேலாவின் மாஃபேர் பண்டோலா, அமெரிக்காவின் சாரா லூகஸ். 2014-இல் ஒன்பீட் என்ற இசைப் பரிமாற்றத் திட்டத்தில் சந்தித்த நால்வர். முதல் ஆல்பம் 2017-இல் வந்தது.

என்னை முதலில் இழுத்தது மாஃபேர் வாசிக்கும் பண்டோலா என்ற தந்தி வாத்தியம்தான். பேரிக்காய் வடிவம், நான்கே தந்திகள். புல்வெளிகளில் மாடு மேய்த்தவர்களின் ஹொரோப்போ இசைக்கு உரிய வாத்தியம் அது. ஹொரோப்போவில் ஆறு எண்ணிக்கையை ஒரே நேரத்தில் இரண்டு மூன்றாகவும் மூன்று இரண்டாகவும் பிரிப்பார்கள். கையால் தட்டிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தாளம் நழுவி மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுகம் தனி!

அப்புறம் டேனியலாவின் தம்போர் அலெக்ரே. கொலம்பியாவின் கரீபியக் கடற்கரையில் கும்பியா என்ற நடன இசைக்கு அடிக்கும் மேளம். கயிறும் மர ஆப்பும் வைத்துத் தோலை இறுக்கி, வெறுங்கையால் அடிப்பார்கள். நடுவில் விழும் அடி நெஞ்சில் இறங்கும், ஓரத்தில் விழுவது சுள்ளென்று தெறிக்கும். இதோடு லாரா தன் ஊர்ப்பக்கத்து 'மரக்காத்து' என்ற மேளத் தாளத்தைச் சேர்க்கிறார். பல தலைமுறையாக ஆண்கள் கையிலேயே பெரும்பாலும் இருந்த வாத்தியங்கள் இவை. இவர்கள் வாசிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஹெட்போன் கட்டாயம். கைபேசி ஸ்பீக்கரில் மேளத்தின் அடிநாதம் கேட்காது. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் 'சரி' என்று ஒரு வரி போடுங்கள்.